ஜன்னல் வைத்த ஸ்பீக்கர் பெட்டி: ரெக்சினை உள்ளே மடிப்பதா, விளிம்பிலேயே வெட்டுவதா?

கார் டிக்கியில் வைக்கும் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) பெட்டிக்கு ஜன்னல் எதற்கு என்று என் மனைவி கேட்டபோது என்னிடம் உருப்படியான பதில் இல்லை. உள்ளே இருக்கும் காந்தத்தையும் கம்பிகளையும் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் தகடு வழியாகப் பார்க்கலாம். ஓர் எல்இடி பட்டையும் ஒட்டிவிட்டால் இரவில் அழகாக இருக்கும். அவ்வளவுதான். ஒலிக்கு அதனால் நயா பைசா லாபமில்லை. ஆனாலும் சொந்தமாகப் பெட்டி செய்து பழகுகிறவர்கள் இரண்டாவது பெட்டியிலோ மூன்றாவது பெட்டியிலோ ஜன்னல் வைக்கத் துணிந்துவிடுகிறார்கள். நான் முதல் பெட்டியிலேயே துணிந்தேன்.

மரவேலை சுலபமாகவே முடிந்தது. மரநாரை அழுத்திச் செய்த 18 மி.மீ. எம்டிஎஃப் பலகை, 12 அங்குல ஸ்பீக்கருக்கு ஒரு வட்டத் துளை, அதன் பக்கத்தில் 300-க்கு 150 மி.மீ. அளவில் செவ்வக ஜன்னல். கறுப்பு ரெக்சினை முகப்பில் ஒட்டி, ஸ்பீக்கர் துளையின் மேல் இருந்ததைப் பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்தேன். அங்கே ஒரு சிக்கலும் இல்லை. ஸ்பீக்கரின் விளிம்பு வந்து வெட்டை மூடிக்கொள்ளும். ஜன்னலில் மட்டும் மூலைக்கு மூலை குறுக்காக வெட்டி, கிடைத்த நான்கு முக்கோணங்களையும் உள்பக்கம் மடித்து ஒட்டினேன். நேர்ப் பக்கங்கள் அளவெடுத்தாற்போல் நின்றன. நான்கு மூலைகளிலும் ஓர் அரிசி அகலத்துக்கு எம்டிஎஃப்பின் பழுப்பு நிறம் பல்லைக் காட்டியது. கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசி மறைத்தேன். அது பங்குனி. சித்திரை முடிவதற்குள் ரெக்சின் மூலையிலிருந்து பின்வாங்கி, அரிசி அகலம் அவரை விதை அகலமாகிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கும் நண்பர்களுக்குமாக ஐந்து பெட்டிகள் செய்துவிட்டேன். ஜன்னல் ஓரத்தை முடிக்க எனக்குத் தெரிந்து நான்கு வழிகள் உண்டு; நான்கிலும் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன். எது நல்லது என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். எந்த வழி என்பதைப் பலகையில் ரம்பம் படுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்பது மட்டும் மாறுவதில்லை. ரெக்சினைக் கையில் எடுத்த பிறகு யோசித்தால் மிஞ்சுவது மார்க்கர் பேனாதான்.

மூலை ஏன் அடம்பிடிக்கிறது

பெட்டியின் வெளி மூலையில் ரெக்சினை மடிக்கும்போது துணி மிஞ்சும். மிஞ்சியதைக் கிள்ளி வெட்டி எடுக்கலாம். வெட்டு கொஞ்சம் கோணலாகப் போனாலும் திருவிழாவுக்கு வரும் மைக் செட் பெட்டிகளில் இருப்பதுபோல ஒரு தகர மூலையை அடித்து மூடிவிடலாம். ஜன்னல் மூலையில் நிலைமை தலைகீழ். அங்கே துணி பற்றாது. பற்றாக்குறையை மூடத் தகர மூலை எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

எவ்வளவு பற்றாது என்பதைத் தாளில் போட்டே பார்த்துவிடலாம். 100 மி.மீ. ஆரமுள்ள வட்டத் துளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பலகையின் 18 மி.மீ. கனம் முழுவதையும் மூட வேண்டுமானால், மையத்திலிருந்து 82 மி.மீ. தூரத்தில் இருக்கும் ரெக்சின் உள்ளே மடிந்துபோய் 100 மி.மீ. ஆரத்தில் உட்கார வேண்டும். சுற்றளவில் 22 சதவீதம் நீள வேண்டும் என்று அர்த்தம். இழுவை உள்ள நல்ல ரெக்சின், கொஞ்சம் சூடு காட்டினால் இதற்கு ஒத்துக்கொள்ளும்.

செவ்வக ஜன்னலில் நேர்ப் பக்கங்களுக்கு இந்த நீட்சியே தேவையில்லை. சுமை முழுவதும் மூலைகளின் தலையில் விழுகிறது. மூலையை 50 மி.மீ. ஆரத்துக்கு உருட்டியிருந்தால் அங்கே 56 சதவீத நீட்சி வேண்டும். ஆரம் 25 மி.மீ. என்றால் 7 மி.மீ. வட்டத்தில் இருப்பது 25-க்குப் போயாக வேண்டும். ஏறத்தாழ மூன்றரை மடங்கு. எந்த ரெக்சினும் இதற்கு இசையாது. கூர்மூலைக்கு ஆரமே இல்லை. அங்கே வெட்டாமல் மடிக்க முடியாது. வெட்டினால் மரம் தெரியாமல் இருக்காது. முதல் பெட்டியில் என் கைத்திறனை நொந்துகொண்டது வீண். தச்சு மேசையிலேயே தோற்றுப்போன விஷயம் அது.

ரெக்சினா, ஸ்டிக்கர் வினைலா

வினைல் என்று ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று சீட் கவருக்குப் போடும் ரெக்சின்: அடியில் துணி, மேலே பிவிசி தோல், மொத்தம் ஏறக்குறைய 1 மி.மீ. கனம். இன்னொன்று காரின் உடம்பில் ஒட்டும் வினைல் படலம்: அதில் பத்தில் ஒரு பங்கு கனம், பின்புறம் பசையோடு வரும்.

படலம் நன்றாக நீளும், அழகாக வளையும். ஆனால் அடியில் இருக்கும் ஒவ்வொரு மணலையும் ஸ்குரூ தலையையும் ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். எம்டிஎஃப்பின் மேல் அது நிற்க வேண்டுமானால் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, உப்புத்தாள் போட்டுக் கண்ணாடிபோலத் தேய்க்க வேண்டும். அவ்வளவும் செய்தவர் அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டுப் போகலாமே என்று எனக்குத் தோன்றும். தவிர, ஸ்டிக்கர் கடையில் பெயர்ப்பலகைக்கு வைத்திருக்கும் வினைல் உருளைகளில் அழுத்தித் தகடாக்கியது. இழுத்து ஒட்டினால் மறுபடி சுருங்கப் பார்க்கும். திரவமாக ஊற்றிப் படலமாக்கிய, காருக்கென்றே வரும் வகைதான் ஜன்னல் ஓரத்துக்கு ஆகும்.

ரெக்சின் மன்னிக்கும் குணமுள்ளது. சின்ன மேடுபள்ளங்களை விழுங்கிவிடும், டிக்கியில் பெட்டி படுக்கையும் ஸ்டெப்னியும் உரசினாலும் தாங்கும். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். அடித்துணி பனியன்போலப் பின்னியதாக இருந்தால் நான்கு பக்கமும் இழுபடும். நெய்த துணியாக இருந்தால் மூலைவாட்டில் மட்டும்தான் கொஞ்சம் இழுபடும். ஜன்னல் பெட்டிக்குப் பின்னிய துணியுள்ள ரெக்சினை மட்டுமே நான் வாங்குகிறேன். மீட்டருக்குச் சில ரூபாய் கூடக் கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள்.

வழி ஒன்று: உள்ளே மடிப்பது

பார்க்க இதுதான் அழகு. முகப்பிலிருந்து ரெக்சின் ஒரே தோலாக வழிந்து ஜன்னலுக்குள் இறங்குவதில் ஒரு நேர்த்தி உண்டு. சரியாக அமைந்துவிட்டால் மற்ற மூன்று வழிகளும் இதன் முன்னால் ஒட்டுவேலையாகத்தான் தெரியும்.

முதல் பெட்டியின் மூலைகள் பின்வாங்கிய பிறகு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் சீட் கவர் தைக்கும் ஓர் அண்ணனிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ரெக்சினை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் மூலையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, விரல் உட்காருகிற மாதிரி வட்டமாக வெட்டிக்கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். அடுத்த பெட்டியில் மூலையை 25 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி, முன் விளிம்பையும் உப்புத்தாளால் மழுக்கிக் கொண்டுபோனேன். அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஜன்னலைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு மரத்தில் ஃபெவிகால் எஸ்ஆர் 998 பசையைத் தடவாமல் விட்டுவிட்டு, மற்ற இடங்களில் முகப்பை ஒட்டினார். விட்ட இடத்தில் துணி மேளத் தோல்போல நின்றது. ஜன்னலின் நடுவில் ஒரு சிறு துளை போட்டு, ஓரங்களில் 30 மி.மீ. மிச்சம் வைத்து வெட்டினார். பிறகு மூலைகளில் மட்டும் விசிறி மடிப்புபோலக் கீறினார். ஒவ்வொரு மூலையிலும் ஐந்தோ ஆறோ கீறல்கள். ஒரு கீறலும் விளிம்பைத் தொடவில்லை. விளிம்புக்கு 4 மி.மீ. முன்பே பிளேடு நின்றது. பிறகு விட்ட இடத்திலும் ஜன்னலின் உள் கனத்திலும் பசை தடவினார். உள் கனத்தில் இரண்டு முறை. எம்டிஎஃப்பின் வெட்டு முகம் முதல் பூச்சைத் தண்ணீர்போலக் குடித்துவிடும். கால் மணி நேரம் காய விட்டார். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நேர்ப் பக்கங்களை முதலில் மடித்து, மூலைகளைக் கடைசியில், ஹீட் கன்னின் சூட்டைச் சற்றே காட்டிக் கட்டைவிரலால் நீவி உள்ளே தள்ளினார்.

அந்த 4 மி.மீ.யில் இருந்த சூட்சுமம் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் விளங்கியது. கீறல் விளிம்புக்கு 4 மி.மீ. முன்பே நின்றுவிடுவதால், நீள வேண்டிய துணி 21 மி.மீ. வட்டத்திலிருந்து 25-க்குப் போனால் போதும். 19 சதவீதம். அதைப் பின்னிய துணி தாங்கும். அதற்கு அப்பால் கீறல்கள் விரிந்து இடையில் மரம் தெரியும். ஆனால் அது விளிம்பிலிருந்து 4 மி.மீ. ஆழத்தில் தெரியும், அங்கே முன்கூட்டியே கறுப்பு அடித்துவைத்திருந்தால் யார் கண்ணிலும் படாது. பசை தடவாமல் விட்ட நான்கு விரல் அகலமும் இதற்காகத்தான். ஒட்டிய துணியில் இழுவை விளிம்பு ஒன்றிலேயே சேரும். ஒட்டாத துணியில் நாலாபுறமும் பரவும்.

குறைகளும் சொல்ல வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் பசை இளகும், இழுத்து ஒட்டிய துணி பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், அதிகம் இழுபட்ட மூலைதான் முதலில் கிளம்பும். அண்ணன் செய்த பெட்டி மூன்று கோடைகளைத் தாண்டிவிட்டது. அதே முறையில் நான் செய்தது ஒன்றரை. கைப்பழக்கம் கேட்கும் வேலை இது. ஒரு மூலை தவறினாலும் முகப்பு ரெக்சின் முழுவதையும் உரித்தெடுக்க வேண்டும். உரிக்கும்போது எம்டிஎஃப்பின் மேல் தோலும் கூடவே வரும்.

இரண்டாவது குறை காற்று சம்பந்தப்பட்டது. அதை இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, கீழே வருகிறேன்.

வழி இரண்டு: விளிம்பில் வெட்டி, மேலே மூடுவது

ரெக்சினை மடிக்கவே வேண்டாம்; ஜன்னல் விளிம்போடு பிளேடை ஓட்டி வெட்டிவிட்டு, அந்த வெட்டை வேறொன்றால் மூடலாம். எதால் மூடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கார் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங் மலிவு, அரை மணியில் முடியும். பார்க்கக் கார் கதவுபோலவே இருக்கும். ஒரு பெட்டிக்குப் போட்டேன், மறுபடி போடவில்லை.

அக்ரிலிக்கையே மூடியாக்குவது அதைவிடப் புத்திசாலித்தனம். ஜன்னலைவிட ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. பெரிதாக அக்ரிலிக்கை வெட்டி, முகப்பின் மேலேயே வைத்து ஸ்குரூ அடித்துவிடலாம். ஸ்பீக்கரின் விளிம்பு செய்யும் வேலையை இங்கே அக்ரிலிக் செய்கிறது. ஒரு சின்ன வம்பு உண்டு. ஸ்பீக்கர் விளிம்பு இரும்பு, இது கண்ணாடிபோன்றது. அடியில் இருக்கும் வெட்டும் பசைத் திட்டும் ஃபோம் பட்டையும் பளிச்சென்று தெரியும். முதல் முறை இதை மறந்து எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன்.

தீர்வு நம் கார்களிலேயே இருக்கிறது. முன் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியை ஒட்டும் பசையை அது மறைக்கிறது, வெயில் பட்டு அந்தப் பசை கெடாமலும் காக்கிறது. அதையே இங்கும் செய்யலாம். அக்ரிலிக்கின் பின்பக்கக் காகிதத்தில் 25 மி.மீ. ஓரத்தை மட்டும் பிளேடால் கீறி உரித்துவிட்டு, வெளிப்பட்ட இடத்தில் கறுப்பு அடித்து, காய்ந்த பிறகு நடுக் காகிதத்தை உரியுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கறுப்புக் கண்ணாடிச் சட்டம் ஒன்று தானாக முளைத்திருக்கும். வெட்டு எவ்வளவு கோணலாக இருந்தாலும் அதற்குள் போய்விடும். கீறும்போது கை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அக்ரிலிக்கில் விழுந்த பிளேடு கோடு அப்படியே நிற்கும். பெயின்ட்டையும் மெல்லிய பூச்சுகளாகவே அடியுங்கள். தின்னர் அதிகமான பெயின்ட் தேங்கினால் அக்ரிலிக்கைத் தின்னும்.

முகப்பிலிருந்து அக்ரிலிக் அதன் கனத்துக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

வழி மூன்று: தனிச் சட்டம்

ஜன்னலின் வெட்டு விளிம்பை மூட ஒரு சட்டத்தைத் தனியாகச் செய்து, முகப்பின் மேல் பொருத்துவது இது. அக்ரிலிக் உள்பக்கத்திலிருந்து பலகையோடு ஒட்டிக்கொள்ளும். சட்டம் வெறும் அலங்காரம்தான்.

சட்டத்தையும் ரெக்சினால் சுற்றலாம் என்று தோன்றும். சுற்றினால் அதன் உள் மூலைகளில் அதே பற்றாக்குறை திரும்ப வந்து உட்காரும். 9 மி.மீ. கனம்தான் என்பதால் தொல்லை பாதி. மேசைமேல் வைத்து இரண்டு கையாலும் இழுத்துப் பின்பக்கம் ஸ்டேப்ளர் அடிக்கலாம், கெட்டுப்போனால் அந்தச் சட்டத்தை மட்டும் தூக்கிப் போடலாம். ஆனாலும் தொல்லையைத் தவிர்க்கத்தானே தனிச் சட்டம்? நான்கு தனித்தனிக் கட்டைகளாக 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்தால் மூலை என்ற ஒன்றே இருக்காது. ஒவ்வொரு கட்டையையும் நேராகச் சுற்றி ஒட்டினால் போதும்.

அதைவிடச் சுலபம், சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்குப் போவது. உள் அளவை மட்டும் சொல்லுங்கள். கறுப்புச் சட்டத்தை 45 டிகிரியில் வெட்டி, மூலையில் ஊசி அடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். கண்ணாடி வேண்டாம், பின் அட்டை வேண்டாம் என்றதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெறும் சட்டத்துக்குள் எந்தச் சாமியை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்காதது அவருடைய பெருந்தன்மை.

அந்தச் சட்டத்தை ஒட்டும்போது நான் செய்த மடத்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள். இப்போது வரும் சட்டங்களில் பல மரம் அல்ல, பாலிஸ்டைரீன். தெர்மாகோலின் கெட்டியான உறவினர். அடியில் எஸ்ஆர் 998 தடவி வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் சட்டத்தின் அடிப்பாகம் பாகுபோல இளகி இழுபட்டது. மரச் சட்டமாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது பலகையின் உள்பக்கத்திலிருந்து சின்ன ஸ்குரூக்களால் பிடியுங்கள். மரமே ஆனாலும் நான் ஸ்குரூதான் போடுகிறேன். என்றாவது ரெக்சினை மாற்ற வேண்டி வந்தால் சட்டத்தைக் கழற்ற முடியும்.

இந்த வழியின் பெரிய சௌகரியம், ஜன்னல் கூர்மூலையோடு இருக்கலாம். மரத்தைக் குடைந்து வெட்டும் ரூட்டர் இயந்திரம் இல்லாதவர்கள், ஜிக்சா ரம்பத்தால் நேர்கோடு மட்டும் வெட்டத் தெரிந்தவர்கள், இதைத் தேர்ந்தெடுத்தால் போதும். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ ஜன்னல் வேண்டுமென்றால் படச்சட்டக் கடை உதவாது. பெயர்ப்பலகைக்கு லேசரில் வெட்டித் தருகிறவர்களிடம் 5 மி.மீ. கறுப்பு அக்ரிலிக்கில் வளையமாக வெட்டி வாங்க வேண்டும். செலவு கூடும்.

வழி நான்கு: உள் கனத்துக்குத் தனிப் பட்டை

வினைல் படலம் ஒட்டுகிறவர்களுக்கு மட்டும் இது. முதலில் ஒரு நீளப் பட்டையை ஜன்னலின் உள் கனத்தைச் சுற்றி ஒட்டி, அதன் ஓரத்தில் 5 மி.மீ.யை வெளியே முகப்பின் மேல் மடித்துவிட வேண்டும். பிறகு முகப்புப் படலத்தை அதன் மேல் ஒட்டி, விளிம்போடு வெட்ட வேண்டும். படலம் 0.1 மி.மீ. அளவுதான் என்பதால் ஒன்றின்மேல் ஒன்று வந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் விளிம்பு முழுவதும் சூடு காட்டி, 90–100 டிகிரி வரை கொண்டுபோனால் படலம் தன் பழைய வடிவத்தை மறந்துவிடும். ரெக்சினில் இதை முயன்றால் ஜன்னலைச் சுற்றி 1 மி.மீ. வரப்பு ஒன்று எழும்பி நிற்கும்.

காற்றும் அக்ரிலிக்கும்

மூடிய பெட்டியில் ஜன்னல் ஓரம் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். ஒழுக்கு இருந்தால் பாஸ் என்கிற தாழ்ந்த ஒலி தளர்ந்துபோகும், ஓங்கி அடிக்கும்போது உஸ்ஸென்று ஓசையும் வரும். ஒழுகும் இடத்தைத் தேட ஊதுபத்தி போதும். தாழ்ந்த சுதியில் ஒரு ஒலியை ஓட விட்டு, ஓரத்தில் புகையைக் காட்டினால் எங்கே துடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

என் இரண்டாவது பெட்டியில் மடித்த ரெக்சினின் மேலேயே ஃபோம் டேப் ஒட்டி அக்ரிலிக்கை இறுக்கியிருந்தேன். கீறல்களின் மேல் சிலிகான்கூடப் பூசியிருந்தேன். புகை துடித்தது, அதுவும் கீறல் இல்லாத நேர்ப் பக்கத்தில். காரணம் ரெக்சினுக்கு அடியில் இருக்கும் துணி. மேல் தோல் காற்றை விடாது; அடித்துணி விளக்குத்திரிபோலப் பக்கவாட்டில் காற்றைக் கடத்தும். ரெக்சினின் மேல் எவ்வளவு இறுக்கினாலும் அதற்கு அடியில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. ஆகவே டேப் உட்காரும் இடம் வெறும் மரமாக, சீலர் அடித்த மரமாக இருக்க வேண்டும். ரெக்சின் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தை வைத்துப் பார்த்தால் மூன்றாவது வழிதான் முதலில் வருகிறது: அக்ரிலிக் உள்ளே, வெறும் எம்டிஎஃப் மேல், ரெக்சின் வெளியே, இரண்டும் சந்திப்பதே இல்லை. இரண்டாவது வழியில் ஜன்னலைச் சுற்றி 15 மி.மீ. ரெக்சினை உரித்து மரத்தை வெளிக்காட்டினால் ஆயிற்று. கறுப்புப் பட்டை அதையும் மறைத்துவிடும். முதல் வழியிலும் அக்ரிலிக்கை உள்பக்கம் மாட்டி, மடிப்பைப் பலகையின் கனத்துக்குள்ளேயே நிறுத்தினால் சரியாகிவிடும். பின்பக்கம் வரை இழுத்து ஸ்டேப்ளர் அடிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அக்ரிலிக்கை உள்ளேயிருந்து மாட்டும் எண்ணம் இருந்தால், பெட்டியைப் பூட்டும் முன்பே அதன் குறுகிய பக்கம் ஸ்பீக்கர் துளை வழியாக நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் மட்டும் போதாது, உள்ளே திரும்பவும் வேண்டும். நான் ஒரு முறை பின் பலகையை ஒட்டிவிட்டு, அக்ரிலிக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்ரிலிக்குக்கு இன்னும் மூன்று குணங்கள். எம்டிஎஃப்பின் விறைப்பும் அதன் விறைப்பும் ஏறத்தாழ ஒன்று. எனவே 18 மி.மீ. பெட்டிக்கு 4 மி.மீ. அக்ரிலிக் வைத்தால் அது ஜன்னல் ஆகாது, பறை ஆகும். சின்ன ஜன்னலுக்கும் 12 மி.மீ.க்குக் குறைத்து நான் வைப்பதில்லை. அடுத்தது, சூட்டில் நீளும். 400 மி.மீ. தகடு 40 டிகிரி கூடினால் 1 மி.மீ.க்குச் சற்று மேல் நீளும். ஆகவே 5 மி.மீ. ஸ்குரூவுக்கு 6.5 மி.மீ. துளை போட்டு, வாஷர் வைத்து, அளவோடு இறுக்குங்கள். கடைசியாக, பசையின் ஆவியும் தின்னரும் அதற்கு ஆகாது. இறுக்கிய ஸ்குரூவைச் சுற்றி மயிரிழைக் கோடுகள் ஓடும். ரெக்சினை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருளும் நாளடைவில் அதையே செய்யும். ரெக்சின் ஒட்டி இரண்டு நாள் காற்றாட விட்ட பிறகே ஜன்னலை மாட்டுங்கள். இரண்டும் நேராக உரசாதபடி நடுவே பாலிஎத்திலீன் ஃபோம் இருக்கட்டும்.

எதை எப்போது

கையில் ரூட்டர் இருந்து, மூலையை 25 மி.மீ.க்குக் குறையாமல் உருட்ட முடிந்து, பின்னிய துணி ரெக்சினும் கிடைத்து, பொறுமையும் இருந்தால் உள்ளே மடியுங்கள். அல்லது மரவேலையை மட்டும் நீங்கள் முடித்துவிட்டு சீட் கவர் தைப்பவரிடம் பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. முதல் பெட்டி செய்கிறவருக்குப் படச்சட்டம். படலம் ஒட்டுகிறவருக்கு நான்காவது வழி, அவருடைய தலையெழுத்து.

கறுப்பு ஓரம் அடித்த அக்ரிலிக்கை இத்தனை நாளும் அவசரத்துக்கு உதவும் வழியாகத்தான் நினைத்திருந்தேன். போன மாதம் அக்கா மகன் தன் காருக்குப் பெட்டி கேட்டான். ஜன்னல் 'ழ' வடிவத்தில் வேண்டுமாம். அவன் பெயரில் அந்த எழுத்து இருக்கிறது. "மாமா, முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்றான். 'ழ'வின் சுழியிலும் வாலிலும் எத்தனை உள் வளைவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன். ரெக்சினை அதற்குள் மடிக்க ஜெனரல் பேட்டர்ஸ் சாலை அண்ணனே வந்தாலும் ஆகாது. பலகையில் சாதாரண நீள்வட்டத் துளை ஒன்றைப் போட்டேன். ரெக்சினை விளிம்பிலேயே வெட்டினேன். ஸ்டிக்கர் கடையில் 'ழ'வை வினைலில் வெட்டி வாங்கி அக்ரிலிக்கின் பின்பக்கம் ஒட்டி, சுற்றிலும் கறுப்பு அடித்தேன். இடவலம் மாற்றி ஒட்ட வேண்டும் என்பது ஸ்டிக்கர் கையில் இருக்கும்போதே நினைவுக்கு வந்தது நல்ல காலம். பெயின்ட் நாளைக்குக் காய்ந்துவிடும். ஸ்டிக்கரை உரிக்கும்போது அவனே பக்கத்தில் இருக்கட்டும் என்று வரச் சொல்லியிருக்கிறேன்.